பின்னறைக்கு ஒரு வரி

அத்தை,

இன்று காலை என் மாமியார் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை. மூடி கழன்று தரையில் உருண்டது. அவர் விரலெல்லாம் மை. ரீட்டா சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்னங்க, அம்மாகிட்ட இப்பிடியா நடந்துக்கறது?" என்றாள். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

விஷயம் சின்னது. போன வருடம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததும் ஓர் உயில் எழுதி வைத்தேன். ரீட்டா இருக்கும்வரை வீடு அவளுக்கு, பிறகு மகளுக்கு. இப்போது அதில் ஒரே ஒரு வரி சேர்க்க நினைத்தேன். என் மாமியார் தன் காலம் முழுக்கப் பின்னறையில் இருக்கலாம், அவரை யாரும் வெளியே போகச் சொல்லக் கூடாது என்று. அந்த வரிக்கு இரண்டு சாட்சி வேண்டும். மேல்வீட்டுக்காரர் போட்டுவிட்டார். இன்னொருவர் வரத் தாமதமாயிற்று. மாமியார் பேனாவை எடுத்து, "நான் போடறேனே மாப்ளே, எனக்குக் கையெழுத்து நல்லா வரும்" என்றார்.

உங்கள் வார்த்தை, அத்தை. அதே மேஜையில், அதே அறைக்காக நீங்கள் சொன்ன வார்த்தை.

வக்கீல்தான் நிலைமையைச் சமாளித்தார். "சார் செஞ்சது கரெக்டும்மா. யாருக்கு எழுதறோமோ அவங்களே சாட்சி போடக் கூடாது" என்றார். ரீட்டாவுக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. "சட்டமெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காரு பாரும்மா" என்றாள். அவளுக்கு நான் நல்லவன். மாமியாருக்காக இவ்வளவு யோசிக்கிற மருமகன் விவேக் நகரில் எத்தனை பேர் என்று இந்நேரம் அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்திருப்பாள். இந்தச் சட்டத்தை நான் யாரிடம் கற்றேன், எந்த விலைக்குக் கற்றேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கும் பாதிதான் தெரியும். மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை. அம்மா இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. தெருவில் நடக்க இடமில்லாமல் குழந்தை இயேசு கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி மேஜை முன்னால் உட்கார்ந்தார். முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரானவர். "ஒரு வரி சேக்கறதுக்கு எதுக்குடா வக்கீலு? நான் போடாத டிராஃப்டா?" என்று தானே எழுதி, டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பழைய உயிலில் வீடு எனக்கு. அதை அவர் மாற்றவில்லை. பின்னறை மட்டும் தன் தங்கையான நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் அனுபவத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பக்கம். எத்தனை தடவை படித்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

அந்த வரி உங்களுக்கு இனாமாக வந்ததல்ல. அம்மா படுக்கையில் விழுந்தபோது நீங்கள் ஆஸ்டின் டவுனில் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு, கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். யாரும் கூப்பிடாமலேயே தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். மூன்று வருடம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது நீங்கள். பெற்ற பிள்ளை நான் அந்த அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். நீங்கள் பார்த்தீர்கள்.

முதல் சாட்சி எதிர்வீட்டு சூசையண்ணன். ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, நின்றபடியே போட்டுவிட்டுப் போனார். இரண்டாவது சாட்சியாக வரவேண்டிய வாத்தியார் நவநாளுக்குப் போயிருந்தார். அரை மணியில் வந்துவிடுவார் என்று அவர் மனைவி சொன்னாள். எனக்கு அன்று பீன்யா ஃபேக்டரியில் இரண்டாம் ஷிஃப்ட். மெஜஸ்டிக் போய் பஸ் மாற வேண்டும். வாத்தியார் வரும்வரை இருந்து, இந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போ என்றார் அப்பா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான், அத்தை. "ஏம்ப்பா, அத்தை இருக்காங்களே. உங்க கல்யாணத்துக்கே கோயில் ரிஜிஸ்டர்ல சாட்சி போட்டவங்க. இதுக்குப் போடக் கூடாதா?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் வீடுகளில் சாட்சி என்றால் சொந்தக்காரர்தானே. கோயிலில் கல்யாணப் புத்தகத்தில் அண்ணன், தங்கை, சித்தப்பா என்று நம்மவர்கள்தான் போடுகிறார்கள். ஞானஸ்நானத்துக்கும் அப்படித்தான். வெளியாள் போட்டால்தான் குறை. "அட ஆமா. பாப்பா, நீயே வந்து போடு. நம்ம வீட்டு விஷயத்துக்கு வாத்தியார் எதுக்கு?" என்றார். நீங்கள் மாவுக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். "எனக்குக் கையெழுத்து நல்லா வரும்ண்ணே" என்றீர்கள். உங்களோடு வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் கைநாட்டு என்றும், சம்பளத்தன்று நீங்கள் மட்டும் முழுப் பெயரும் எழுதுவீர்கள் என்றும் ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். அன்றும் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தீர்கள். நான் அதைப் பெட்டியில் அந்துருண்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். ஷிஃப்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

அதுவரை நான் குற்றவாளி இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். பின்னால் சூசையண்ணன்கூட, பையன் தெரிந்தே செய்தான் என்று தெருவில் பேசினார். சத்தியமாகத் தெரியாது. தெரிந்து செய்தது அதற்கப்புறம்.

அடுத்த வருடம் அப்பா போனார். அந்த நாளில் நம்மவர்கள் உயிலைக் கோர்ட்டில் காட்டி உறுதி வாங்கியாக வேண்டும். நான் ஒரு வக்கீலிடம் எடுத்துப் போனேன். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். அப்பா எழுதிய பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த ரெண்டாவது சாட்சி யாரப்பா?" என்றார். அத்தை என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நோடப்பா, இங்க பாரு, உயில் நிக்கும். அத்தைக்கு எழுதினது மட்டும் போச்சு. கிறிஸ்தவங்களுக்குச் சட்டம் அப்பிடி. வாங்கறவங்க சாட்சி போட்டா அவங்க பங்கு செல்லாது. இதையே ஒரு இந்து எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வராது." பிறகு ஃபைலை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஆனா அதனால என்ன? வீடு உன்னுது. அவங்க கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்னு நீ நினைச்சா எந்தச் சட்டமும் உன்னைத் தடுக்காது. வேணும்னா நானே ஒரு பேப்பர் எழுதித் தரேன்."

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் காபி கொடுத்தீர்கள். வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. "சட்டம் அப்பிடி இருக்கு அத்தை, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைக் காரணமாகக் காட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அப்பாவின் அறை காலியாகத்தான் கிடந்தது, எனக்கும் ரீட்டாவுக்கும் அது போதும். ரீட்டா வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் வீடு முழுக்க என்னுடையதாக வேண்டும் என்று இருந்தது. விடியற்காலையில் இருமிக்கொண்டே மெஷினை மிதிக்கிற ஒரு கிழவி பின்னால் இருக்கக் கூடாது என்று இருந்தது. அம்மாவின் மூன்று வருடம் உங்கள் முகத்தில் இருந்தது. அதைத் தினமும் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சண்டை போட்டிருக்கலாம், பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நீங்களோ உங்கள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "என் கையாலயே கெடுத்துக்கிட்டேனா? அண்ணன் மேல தப்பில்லடா ஜெரி. எனக்குத்தான் எழுத வருதுன்னு பெருமை" என்றீர்கள். நான் தலையைக் குனிந்து காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஊருக்கு வெளியே கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் உங்களைக் கொண்டுபோய் விட்டேன். அங்கே மெஷினுக்கு இடமில்லை என்றார்கள். "ரீட்டாவுக்கு வெச்சுக்கோ, நல்ல மெஷின்" என்றீர்கள். ரீட்டாவிடம் அத்தைக்கு அங்கே இருக்கத்தான் இஷ்டம் என்று சொன்னேன். அவள் நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள்.

ஆறு வருடம் இருந்தீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவேன். போன உடனே நீங்கள் கேட்பது ஒன்றுதான். "பின்ரூம் ஜன்னல் பக்கம் இன்னும் ஒழுகுதாடா?" ஒழுகவில்லை என்பேன். அதுவும் பொய். பக்கத்துக் கட்டில்காரியிடம், "எங்கயும் கையெழுத்துப் போட்டுடாதே தாயி" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை என் காதால் கேட்டேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நீங்கள் இறந்த அன்று சாமான்களை வாங்கிக்கொள்ள என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு சேலை, ஒரு ஜெபமாலை, ஒரு கத்தரிக்கோல். இளவயது சிஸ்டர் ஒருத்தி பெரிய ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினாள். மாத்திரை, சோப்பு, போர்வை என்று அங்கே இருப்பவர்கள் வாங்குவதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற புத்தகம். உங்கள் பெயருக்கு நேராக வரிசையாகக் கட்டைவிரல் ரேகை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறு வருடமும் ரேகைதான். "பாவம், பாட்டி படிக்கல போலிருக்கு. பேனா குடுத்தா கையைப் பின்னாடி வெச்சுக்குவாங்க" என்றாள் அந்த சிஸ்டர். கடைசி ரேகைக்குக் கீழே பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.

இன்று இரண்டாவது சாட்சி பத்து மணிக்கு வந்து போட்டுவிட்டுப் போனார். வேலை முடிந்தது. மாமியாரின் வரி நிற்கும், அதை யாராலும் அசைக்க முடியாது. அவர் இப்போது உங்கள் அறையில் தூங்குகிறார். உங்கள் மெஷின் நின்ற இடத்தில், சிவப்புத் தரையில் நாலு துருக்கறை இன்னும் இருக்கிறது. ரீட்டா எதை எதையோ போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். எனக்கு அது போக வேண்டாம்.

அந்தப் பழைய காகிதத்தை மத்தியானம் வெளியே எடுத்தேன். அந்துருண்டை வாசனை இன்னும் விடவில்லை. உங்கள் முழுப் பெயர், கீழே ஒரு கோடு. அழகான கையெழுத்து. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அத்தை. உங்களை வெளியே அனுப்பியது சட்டமும் இல்லை, இந்தக் கையெழுத்தும் இல்லை, நான். இதைச் சொல்ல எழுபது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் பழத்தை மட்டும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜெரி