பதிப்பு மூன்று

9 ஜூலை 2007, திங்கள்

இன்றோடு நூற்றெண்பது பக்கம் முடிந்தது. மட்டாஞ்சேரியில் எல்லோரும் மிளகு மூட்டை எண்ணினால் நான் இணைப்பு எண்ணுகிறேன். கம்பெனியில் எந்த வேலையை எப்படிச் செய்வது என்று விக்கியில், அதாவது கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கிற கம்பெனிக் கையேட்டில், ஒவ்வொரு பக்கம். அதற்கான அட்டவணை, சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வேறொரு கோப்புப் பெட்டகத்தில். பக்கத்தில் அமுக்கினால் கோப்பு திறக்க வேண்டும்; அந்த இணைப்பைப் போடத்தான் எனக்குச் சம்பளம். அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டினார். எனக்கு மேசை, மின்விசிறி! ஆகஸ்டில் நிரந்தரமாகிவிடும் என்று கம்ப்யூட்டர் பிரிவு ஜிதின் சொன்னான். அவனைவிட நான் பக்கா. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, சரியானதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் இணைப்பை எடுப்பேன்.

11 ஜூலை

கிடங்கில் மிளகு புடைக்கிற பேச்சி அக்கா மயங்கி விழுந்துவிட்டார். வாந்தி, மூச்சுத்திணறல். பூச்சிமருந்து வைத்து மூடியிருந்த கிடங்கைக் காலையில் திறந்து, மத்தியானமே பெண்களை உள்ளே விட்டிருக்கிறார்கள். மழையில் காற்றோட்டம் இல்லை, மருந்து நெடி போகவில்லையாம். அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

12 ஜூலை

கிடங்கு மேஸ்திரி முப்பிடாதி அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல பாத்துட்டுத்தான் உள்ள விட்டேன் சாரே. ஆறு மணிக்கூர் காத்தாட விடணும்னுதான் இருந்துச்சு."

மேனேஜர் ரமேஷ்பாபு சார் பெட்டகத்திலிருந்து அட்டவணையை எடுத்துக் காட்டினார். மழைக்காலத்தில் இருபத்துநான்கு மணி நேரம். மே மாதமே மாற்றியிருக்கிறார்கள். "எந்தினாடோ கள்ளம் பறயுன்னது?" ஏன் பொய் சொல்கிறாய் என்று கத்தினார்.

அண்ணாச்சி பொய் சொல்கிற ஆள் இல்லையே.

13 ஜூலை

கிடங்கு திறக்கிற பக்கத்தை எடுத்து, ஏப்ரலில் நான் போட்ட இணைப்பை அமுக்கிப் பார்த்தேன். ஆறு மணி நேரம். மூலையில் சின்னதாக — பதிப்பு 3. பெட்டகத்தில் இப்போது இருப்பது பதிப்பு 4.

ஜிதின் முதல் நாளே சொன்னான். கோப்புப் பட்டியலிலிருந்து எடுத்தால் இணைப்பு எப்போதும் புதியதைக் காட்டும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தால் அந்தப் பதிப்போடு நின்றுவிடும். நான் திறந்து பார்த்துத்தானே எடுத்தேன். நூற்றெண்பதையும்.

ஐயோ. நான்தான்.

14 ஜூலை, சனி

திங்கட்கிழமை இரண்டாவது கிடங்கைத் திறக்கிறார்கள், இதே பக்கத்தைப் பார்த்து. இணைப்பை அப்படியே விட்டால் இன்னொருத்தி விழுவாள். மாற்றினால் அண்ணாச்சி சொன்னது பொய்யாகிவிடும்.

மாற்றிவிட்டேன். அரை நிமிஷ வேலை.

சொல்லிவிட்டு மாற்றியிருக்கலாமே? ஏன் சொல்லல? ஆகஸ்ட். அதுதான். வேறென்ன.

16 ஜூலை, திங்கள்

விசாரணை. "எல்லாரும் பாக்க அந்தப் பக்கத்தையே திறங்க சாரே" என்று அண்ணாச்சிதான் கேட்டார். அவ்வளவு நம்பிக்கை. ஜிதின் திறந்தான், அமுக்கினான். இருபத்துநான்கு. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"நாந்தான் தப்பாப் பாத்துட்டேனோ?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

17 ஜூலை

சோறு இறங்கல.

18 ஜூலை

எந்தப் பக்கத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்று விக்கியே குறித்து வைத்திருக்கும். சனிக்கிழமை, 11.40, ஸ்வர்ணலதா என்று என் பெயர். பழைய இணைப்பு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். அச்செடுத்து ரமேஷ்பாபு சார் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"திங்களாழ்ச நீ இவிடே நின்னதல்லே? அப்ப எந்தா பறயாஞ்ஞே?" திங்கட்கிழமை இங்கேதானே நின்றாய், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"பயம் சார்."

மீதி நூற்றெழுபத்தொன்பதையும் இன்றே மாற்றச் சொன்னார். ஜிதின் என் பக்கம் திரும்பவே இல்லை.

20 ஜூலை

அண்ணாச்சி வேலைக்குத் திரும்பிவிட்டார். வாசலில் மறித்து, மன்னிச்சுக்கங்க என்றேன்.

"ரெண்டு நாளு என் கண்ணையே நான் நம்பல, மோளே. பேச்சி மாப்பிள்ளைகிட்ட போயி, எல்லாம் என் தப்புன்னு கைகூப்பிட்டு வந்தேன்."

அதற்குமேல் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

6 ஆகஸ்ட்

நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். அப்பா ஏனென்று கேட்டார், சொன்னேன்.

4 செப்டம்பர்

ஓணம் லீவு முடிந்து முதல் கிடங்கைத் திறந்தார்கள். நேற்று காலையிலிருந்து கதவெல்லாம் திறந்தே கிடக்கிறது, இருபத்துநான்கு மணி நேரம் தாண்டியாயிற்று. அண்ணாச்சி அட்டவணையை அச்செடுத்துக் காட்டியும் பெண்கள் முறத்தோடு வெளியிலேயே நின்றார்கள். பேச்சி அக்காவும் இருந்தார். இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறார். "அன்னைக்கும் கம்ப்யூட்டர்தானே சொல்லுச்சு?" என்றார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கிடங்குக்குள் போய்க் கடைசி மூட்டை வரைக்கும் நடந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். மிளகு நெடி மட்டும்தான். ஆழமாக இழுத்து மூச்சு விட்டேன். அரை மணி இருக்கும். ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். பேச்சி அக்கா கடைசியாக வந்து, கதவை ஒட்டி உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தார்.