வலது கன்னம்

விருத்தாசலம்,
14-3-1976

அன்புள்ள மச்சானுக்கு சுல்தானாவின் சலாம். நானும் மாமியும் சுகம். குவைத் வெயில் உங்களை வாட்டாமல் இருக்க துஆ செய்கிறேன்.

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். என் காதோரம் இருந்த கட்டியைப் பார்த்து உங்கள் தங்கை கேலி பண்ணும்போது நீங்களும் சிரிப்பீர்களே, அந்தக் கட்டியை மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டேன். அமீனுதீன் அண்ணன்தான் கூட வந்தார். லீவில் வரும் உங்கள் முன்னால் அழகாக நிற்க ஆசைப்பட்டேன். முகத்து நரம்பில் கத்தி பட்டுவிட்டதாம். வாய் கோணிவிட்டது, வலது கண் மூடவில்லை, டீ குடித்தால் ஒழுகுகிறது. நரம்பு அறுந்துபோகவில்லை, ஒரு வருஷத்துக்குள் சரியாகும் என்கிறார் டாக்டர்.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் சுல்தானா


குவைத்,
2-4-1976

அன்பு சுல்தானாவுக்கு,

பைத்தியக்காரி, உன்னைக் கேலி பண்ணாமல் வேறு யாரைப் பண்ணுவேன்? முகம் எப்படி இருந்தாலும் நீ என் பெண்டாட்டி. ஒரு போட்டோ அனுப்பு. நேராகப் பார்த்து எடு. அக்டோபரில் லீவு சொல்லிவிட்டார்கள்.

சனாவுல்லா


விருத்தாசலம்,
20-6-1976

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரர், "கொஞ்சம் திரும்பிக்கங்க, தெரியாது" என்றார். நீங்கள் நேராக என்று எழுதியதால் திரும்பவில்லை.

பீங்கான் கம்பெனியில் சங்கு ஊதும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் கன்னத்தை உப்பவைத்துப் பயிற்சி செய்கிறேன். மாமி எதிரில் உட்கார்ந்து, "இப்படி ஊதுடி" என்று தானும் ஊதுகிறார்கள். நேற்றுக் கன்னம் லேசாகத் துடித்தது. அக்டோபரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சுல்தானா


விருத்தாசலம்,
29-8-1976

மச்சானுக்கு,

போட்டோ கிடைத்ததா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். நேற்று மாமி பெயருக்குத் தபால் வந்தது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எப்போதும்போல என்னிடம் நீட்டி, "படிச்சுக் காட்டுடி" என்றார்கள். சுல்தானாவிடம் கொடுக்காதீர்கள், சாமிதுரை வாத்தியாரிடம் படிக்கச் சொல்லுங்கள் என்று முதல் வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மாமிக்கு யார் படித்துச் சொல்வது?

போட்டோவைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, லீவு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தை நான் படிக்கவில்லை. "வேல ஜாஸ்தி, லீவு குடுக்கல, சுல்தானாவப் பாத்துக்கங்க" என்று படித்தேன். "எம்புள்ளைக்கு உம்மேல உசுரு" என்று மாமி என் தலையைத் தடவினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களை நினைத்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனிமேல் மாமிக்கு எழுதினால், அவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். நான்தான் படிப்பேன். எனக்குத் தனியாக எழுத வேண்டாம்.

சுல்தானா