குசினிப் பிளக் பொயின்ற்

காலையிலிருந்து சீமெந்துத் தூசி மணமும் கருகிய வயர் மணமும் மூக்கை விட்டுப் போகவில்லை, தங்கச்சி. உன்னைக் கொன்ற பிளக் பொயின்றை இன்றுதான் கழற்றினார்கள். இத்தனை வருடமும் கறுப்பு ரேப் ஒட்டி விட்டிருந்தான் தம்பி. இப்போது இந்த வெள்ளவத்தை வீட்டை விற்கப் பார்க்கிறான். வாங்க வருகிறவர்கள் கேட்பார்களாம்.

அன்றைக்கே மாற்றியிருக்கலாம். ஹோலுக்கும் தன் ஏசி அறைக்கும் சதுர ஓட்டைப் பொயின்ற் போட்டவன், குசினியைப் பழைய வட்ட ஓட்டையோடே விட்டான். "ரெண்டு பொம்பிளையள் தேத்தண்ணி ஊத்திற இடம்தானே அக்கா, அடுத்த மாசம் பாப்பம்" என்றான். புது எவர்சில்வர் கேத்திலின் பிளக் அதற்குள் போகவில்லை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயரை ஓட்டைகளுக்குள் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கினான். மூன்றாவதை மடித்து விட்டான்.

"அதை ஏன் விட்டனீ?" என்று கேட்டேன்.

"அது எர்த். கரண்ட் ஒழுகினாத்தான் தேவை. சும்மா கிடக்கட்டும்."

நீ சிரித்தாய். "அண்ணருக்கு எஞ்சினியர் எண்டு நினைப்பு. இனிக் கொழும்பில கரண்ட் போனா எங்கட வீடுதான் காரணம்."

புட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்தவள், அவன் தேத்தண்ணி கேட்டதும் எழும்பிப் போய்க் கேத்திலைத் தொட்டாய். நான் ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. உன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். விரலிடுக்கில் மா தூளாகவே இருந்தது. தண்ணீர் பட்டிருந்தால் பசையாகியிருக்கும். ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவன், "ஈரக் கையோட தொட்டிட்டாள், எத்தினை தரம் சொன்னனான்" என்றான். நான் சொன்னதை யார் கேட்டார்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அவன் வீட்டில் சாப்பிடுகிறவள்.

இன்று புதுப் பொயின்ற் பூட்டி முடிந்ததும் என் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினான். "ஈரக் கையால தொடக்கூடாது பிள்ளை. சின்ன அம்மம்மா அப்பிடித்தான் செத்தவ."

இந்தப் பிள்ளை உன்னைக் கண்டதில்லை. அவளுக்கு நீ அந்த ஒரு வசனம்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவவின்ர கை காய்ஞ்சிருந்தது, குஞ்சு."

"பழைய கதை இப்ப என்னத்துக்கு, அக்கா?"

"அப்ப ஏன் செத்தவ?" பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"தாத்தாவைக் கேள். வயர் பூட்டினவர் அவர்தான்."

அவன் ஹோலுக்குப் போய் ரீவியைப் போட்டான். பிள்ளையும் பின்னால் போனாள். அவள் விடாமல் கேட்கிறாள். அவன் சத்தத்தைக் கூட்டுகிறான்.

உன் கை என் கைக்குள் ஆறிப்போனது இன்னும் என்னிடம் இருக்கிறது. நீ இருந்தால், "விடுங்கோ அக்கா, பாவம் அண்ணர்" என்றுதான் சொல்லியிருப்பாய். நான் விடமாட்டேன்.