சங்கு ஊதினால் ஆறிப்போகும் சோறு

மச்சான்,

இன்று காலை சாத்தம் மர ஆலைப் பாலத்தில் ஈர மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். ஒரு முழு படாக் மரத்தை நான் தனியாளாகத் தோளில் தூக்கிப்போன பாலம் அது. யானையே ஒதுங்கி வழிவிட்டது. நீ இருந்தால், "மரமில்ல, பலகை" என்று திருத்தியிருப்பாய்.

இந்தத் தீவுக்கு வந்து டெலானிபூரில் ஒரே அறையில் நாம் இருவரும் பொங்கித் தின்ற காலத்தில், உன் மனைவி கடலுக்குப் பயந்து ராமநாதபுரத்திலேயே இருந்தாள். அடுத்த கப்பலில் வருகிறேன் என்றே ஒவ்வொரு முறையும் எழுதுவாள். மெயின்லேண்ட் கப்பலின் சங்கு கேட்டால் போதும், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு துறைமுக ஜெட்டிக்கு ஓடுவாய். கடைசி ஆள் இறங்கும்வரை நின்று திரும்புவாய். சோறு ஆறிக் கிடக்கும். "பசி செத்துப்போச்சு மச்சான்" என்பாய்.

வருஷக்கணக்கில் இப்படியே. முதலில் உன் தூக்கம் போனது. பிறகு நெஞ்செரிச்சல், தலைமுடி, கடைசியில் சிரிப்பும். மரம் அறுக்கும்போது கோடு தவறியதால் உன்னைப் பலகை அடுக்க அனுப்பினார்கள். "தீவுத் தண்ணி ஒத்துக்கல" என்றார்கள் எல்லோரும். இங்கே எந்த நோய்க்கும் அதுதானே காரணம்! நான் சும்மா இருப்பேனா? டாலிகஞ்சில் ஒரு கிணற்றைக் கண்டுபிடித்தேன். கல்லைத் தின்றாலும் செரிக்கவைக்கும் தண்ணீர். குடம் குடமாகச் சுமந்து வந்தேன். உன் எரிச்சல் மட்டும் அணையவில்லை.

மலையாளி டாக்டர் உன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தண்ணியில ஒண்ணுமில்ல. மனசு ஓடுது, உடம்பு பின்னாலயே ஓடுது. எத்தனை நாள்தான் ஓடும்?"

"நானும் அதைத்தான் சொன்னேன் டாக்டர் சாப்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒரு கப்பலில் அவள் வந்தேவிட்டாள். உன்னைவிட நான்தான் அதிகம் அழுதேன். கப்பல் கேப்டனே இறங்கி வந்து என்னைத் தேற்றினார். எல்லாம் தீர்ந்தது என்று பஜார் முழுக்க ஜிலேபி கொடுத்தேன்.

அடுத்த கப்பல் சங்கு ஊதியது. உன் மனைவி, அதான் என் தங்கச்சி, நம் இருவருக்கும் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாய்.

"ஏங்க, நான் இங்கனதானே இருக்கேன்? யாரைக் கூட்டியாரப் போறீக?"

வாசலில் நின்றாய். முகமெல்லாம் வேர்வை.

"எனக்குத் தெரியுது புள்ள. காலுக்குத் தெரியலையே."

அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க, பாத்துட்டே வந்துருவோம். வந்து சூடு பண்ணித் தாரேன்."

அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் அவள் உன்னோடு வந்தாள். ஓட்டம் மெல்ல நடையானது. ஒரு மழைநாளில் சங்கு ஊதியும் நீ எழவில்லை. "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றாய். அன்று நாங்கள் இருவரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அத்தனை வருஷம் ஓடிய நெஞ்சு அதற்குள் களைத்திருந்தது. போன மழைக்காலத்தில் நின்றுவிட்டது.

தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மெயின்லேண்டில் படிக்கப் போன என் மகன் வருவதாகச் சொல்லி இரண்டு கப்பல் வந்து போய்விட்டன. இதோ, மறுபடி சங்கு. தீவிலேயே என்னைப்போல நிதானமான ஆள் கிடையாது, உனக்கே தெரியும். கால் மட்டும் கிடந்து ஆடுகிறது.

எழுந்திருக்கவில்லை, மச்சான். ரசம் கேட்டிருக்கிறேன்.