ஐந்தாம் வாரப் பாடம்

தைனான்
3 செப்டம்பர் 2018

அன்புள்ள யுன்ஷி,

எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் நாடகம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நவம்பரில் வெளிப்பள்ளி ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கும் திறந்த வகுப்பு வேறு. முதல் நாளே, "எல்லாரும் மரமா நில்லுங்க" என்றேன். "டீச்சர், மரம் எப்ப வீட்டுக்குப் போகும்?" என்றாள் ஒருத்தி.

நீ ஆறு வருடமாக நாடகம் சொல்லித்தருகிறாய். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடேன். போனில் சொன்னால் மறந்துவிடுவேன், எழுதியே அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன்
பெய்ரோங்

ஜியாயி
11 செப்டம்பர்

அன்புள்ள பெய்ரோங்,

சாப்பிடுகிறேன். மரமெல்லாம் வேண்டாம்; அந்த வயதில் உடம்பே பெரிய சங்கடம். முதல் இரண்டு வாரம் பேச்சே இல்லை, நடை மட்டும். மூன்றாம் வாரம் ஒரு நீலச் சால்வை. அதைக் கட்டினால் நீ கதாபாத்திரம், அவிழ்த்தால் டீச்சர். சால்வையோடு சொன்னது எதுவும் அவிழ்த்தபின் செல்லாது. பிள்ளைகள் இதை நம்பினால்தான் மீதி வாரங்கள் நிற்கும். ஐந்தாம் வாரம், வகுப்பே ஒதுக்கிவைத்த ஒரு பிள்ளையாக நீ நாற்காலியில் உட்காருவாய். அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் நாம் ஒரே வகுப்பறைதான். ஆவி அலமாரியில் எல்லார் சாப்பாட்டுப் பெட்டியும் சூடாகும். என்னுடையது மட்டும் தினமும் வெளியே, ஜன்னல் திட்டில் இருக்கும். யார் எடுத்து வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. துடைப்பம் காயப்போடும் படிக்கட்டில் உட்கார்ந்து, சில்லிட்ட சோற்றைத் தின்றேன். அடுத்த வருடம் முதலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நீ.

இது வகுப்புக்குப் போக வேண்டாம். பாடத்தில் பேருந்தில் தனியாக உட்காரும் ஒரு கற்பனைப் பையனை வைத்திருக்கிறேன். உண்மை மனிதர் யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது.

நீ சாப்பிட்டாயா?

யுன்ஷி

தைனான்
22 அக்டோபர்

அன்புள்ள யுன்ஷி,

சால்வை பிரமாதம். கட்டியதும் வகுப்பே அடங்கிவிடுகிறது. ஐந்தாம் வாரத்தைத்தான் திறந்த வகுப்புக்கு வைத்திருக்கிறேன். இன்னொரு பிரிவில் ஒத்திகை பார்த்தேன். பஸ் பையன் எடுபடவில்லை. "தனியா சீட்டு கெடச்சா ஜாலிதானே டீச்சர், இவன் எதுக்கு அழுவுறான்?" என்கிறார்கள்!

நவம்பர் எட்டு, வியாழன். கட்டாயம் வா. பின்வரிசையில் உனக்கு நாற்காலி. முடிந்ததும் பால்மீன் கஞ்சி குடிக்கலாம்.

பெய்ரோங்

தைனான்
9 நவம்பர்

அன்புள்ள யுன்ஷி,

நேற்று சொல்லாமல் எங்கே போனாய்? வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திட்டத்தை எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போகிறார்களாம். பஸ் பையனை மாற்றிவிட்டேன் என்று கோபமா? உன் பெயரைச் சொல்லவில்லையே. அங்கே யாருக்குத் தெரியும்?

கடையில் உனக்காக வாங்கிய கஞ்சி ஆறிப்போயிற்று. சாப்பிட்டாயா?

பெய்ரோங்

ஜியாயி
16 நவம்பர்

பெய்ரோங்,

எனக்குத் தெரியும். அது போதாதா?

பேருந்து போய் ஆவி அலமாரி வந்தபோதே எழுந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் கவனத்தைக் கலைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த முன்வரிசைப் பெண் கேட்டாள்: "ஒன் பொட்டிய வெளிய எடுத்து வெச்சது யாருன்னு தெரியுமா?"

சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "தெரியும். என் ஃப்ரெண்டுதான். ரெண்டாவது பீரியட் முடிஞ்சதும் போய் எடுத்துருவா, மத்தவங்க சொன்னாங்கன்னு. பொட்டில மாட்டியிருக்குற பச்சை ரப்பர் பேண்ட கழட்டி ஒளிச்சுருவா."

"அப்புறம் மன்னிப்பு கேட்டாளா?"

"கேட்டுட்டா."

பச்சை ரப்பரைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. அம்மா தினமும் புதிதாக ஒன்று மாட்டிவிடுவாள். நான்தான் தொலைக்கிறேன் என்று திட்டுவாள். அவை காணாமல் போனது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருபது வருடம் நினைத்திருந்தேன்.

பிறகு நீ சால்வையை அவிழ்த்தாய். விருந்தினர்களைப் பார்த்து, "இது முழுக்கக் கற்பனைங்க" என்று சிரித்தாய். நான் அப்போது கதவருகே இருந்தேன்.

மூன்றாம் வாரத்து விதியை எழுதியவள் நான், அதை மீறமாட்டேன். சால்வையோடு சொன்னது செல்லாது. அதனால் மன்னிப்பு என்று எதுவும் என்னிடம் வந்துசேரவில்லை. அந்தப் பச்சை ரப்பர் மட்டும் எப்படியோ விதியைத் தாண்டி வந்துவிட்டது.

அடுத்த வருடம் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாயே, இவ்வளவு நாளும் நான் நட்பு என்று வைத்திருந்தது அதைத்தான். பிரியத்தில் வந்தாயா, எங்கே கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்து வந்தாயா என்பதை இனி என்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

மீதி ஏழு வாரத் திட்டம் உன்னிடமே இருக்கட்டும். பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிடாதே.

கடிதத்தை முடிக்கும்போது வழக்கமாகக் கேட்பதை எழுதப் போனேன். எழுதவில்லை.

யுன்ஷி