குழாய் வைத்த தண்ணீர்ப் பை

மாரியாத்தாள் அம்மணிக்கு, ராஜஸ்தானத்திலிருந்து மாசாணம் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலியும் என்மேலுள்ள கோபமும் குறைந்தனவா?

நாளை முதல் நான்கு நாள், மின்கோபுரத்துக்கு இடம் அளக்க மணலில் நடக்க வேண்டும். போன தடவை தண்ணீர் தீர்ந்து, சும்மா கொஞ்சம் மயங்கினேன். அதனால் பழைய பட்டாளச் சாமான் கடையில் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை பார்த்தேன். குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டுமாம். கடைக்காரர் நிரப்பிக் கொடுத்ததை எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். பாதியைச் சட்டை குடித்தது.

"ஏனுங்ண்ணா, இப்படிச் சிந்துனா ரெண்டாம் நாளே உங்களைத் தூக்கிட்டு வரோணுமுங்க" என்று கூட வேலை செய்யும் தம்பிதுரை சிரித்தான்.

கண்ணை மூடி உறிஞ்சினேன். மணலெல்லாம் பவானி ஆறாகி, நீ இடுப்பளவு நீரில் நின்றாய். தினமும் நிரப்பிக்கொள்ளலாம் என்பதால், கடையிலிருந்த இரண்டு அளவில் இரண்டு லிட்டர் பை லேசுதான். அந்தக் கனவு நீளட்டும் என்று மூன்று லிட்டரையே எடுத்தேன்.

முதுகில் உரசுகிறது, அடுத்த தடவைக்கு அடியில் வைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. எங்களை ஏற்றிப்போக வந்த லாரி ஆரன் அடிக்கிறது. இதுவரை உன் டம்ளரில் மட்டும்தான் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.