தட்டினால் வரும் ஆமைகள்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். அங்கு நீயும் குழந்தைகளும் நலம்தானே? போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். நீ இணையத்தில் ஏற்றிய வீடியோ படத்தை நாலு லட்சம் பேர் பார்த்தார்களாம். நான் அலுமினியத் தட்டைத் தட்டுவதும் குட்டையின் ஆமைகள் கரையேறிக் கீரை தின்ன வருவதும் அவர்களுக்கு அவ்வளவு அதிசயமா? நேற்று முன்பின் தெரியாத ஒருவன் வந்து, "ஆமை அக்கா நீங்கதானே?" என்றான். பதிலுக்குக் காத்திராமல், நான் தட்டுவது போலவே தகரக் கதவைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடேன்.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

உனக்கு யாரைப் பார்த்தாலும் திருடன்தான். அவன் உன் ரசிகனாக இருப்பான். இங்கே ஒருவர் உன் தட்டுச் சத்தத்தைப் போன் மணியாகவே வைத்திருக்கிறார். ஊர் பெயரை நான் எங்கும் போடவில்லை. பக்கத்தில் தெரியும் பழைய கல்குவாரியை வைத்து யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அடுத்த படத்தில் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கட்டும். எல்லோரும் கேட்கிறார்கள்.

தம்பி

ஜூன் 23

தம்பி,

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். குட்டையில் தட்டுச் சத்தம் கேட்டது. என் தட்டோ, அவன் வந்துபோன பயத்தில் நான் கூடவே கொண்டுபோன பையில் இருந்தது. குட்டைக்கு ஓடினேன்.

குட்டைப் படியில் இரண்டு பேர், கையில் சாக்கு. வலைகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆமைகள் தாமாகவே வந்து காலடியில் கழுத்தை நீட்டி நின்றன. நான் கத்தினேன். அன்று கதவைத் தட்டியவன் சாவகாசமாகச் சாக்கைக் கட்டினான்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா," என்றான். "வீடியோ நல்லா இருந்துச்சு."

பாதிக்கு மேல் போய்விட்டன. போலீஸ் எழுதிக்கொண்டு போனது. படத்தை எடுத்துவிடு, உன் காலில் விழுகிறேன்.

அக்கா

ஜூலை 1

அக்கா,

மனசே சரியில்லை. என்னை மன்னித்துவிடு. உன் கடிதம் வந்த அன்றே படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் ஊர் உலகமெல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சத்தத்தை இனி யாராலும் திரும்ப வாங்க முடியாது. நடந்ததை நீயே அழுதுகொண்டு சொல்வது போல ஒரு படம் அனுப்பேன். உலகமே கொந்தளிக்கும், அப்புறம் எவன் வருவான்?

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

படம் எதுவும் வராது. போனை ஊர் மகளிர் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

இன்று காலை நானே தட்டினேன். மிச்சமிருந்தவை வந்தன. மண்ணாங்கட்டியை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் எறிந்தேன். எல்லாம் தண்ணீருக்குள் ஓடின. ஒரு குட்டி மட்டும் விளையாட்டென்று நினைத்துத் திரும்பத் திரும்ப வந்தது. அதையும் அடித்தேன். அழுதுகொண்டேதான் அடித்தேன், அதைப் படம் பிடிக்க நல்லவேளை யாரும் இல்லை. தட்டினால் பயந்து ஓடும்வரை தினமும் அடிப்பேன்.

விடுமுறைக்கு வந்தால் நேரே வீட்டுக்கு வா. சமைத்துப் போடுகிறேன். குட்டைப் பக்கம் மட்டும் வராதே. இப்போதெல்லாம் உன்னை நினைத்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா